கணித்தமிழ் வரலாறு – 19: சாய்கோட்டுக்கு இப்பாலும் அப்பாலும்

2020 ஜூன் மாதம் தமிழ்நாடு அரசின் ஆணை ஒன்று வெளியானது. 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை அது மாற்றியது. தமிழில் எப்படிச் சொல்கிறோமோ அப்படியே ஆங்கிலத்திலும் எழுத வேண்டும் என்பது நோக்கம். அப்போது தமிழ் வளர்ச்சித் துறை அமைச்சராக இருந்தவர் ஆவடித் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் மாஃபா க. பாண்டியராஜன். கோயம்புத்தூருக்கும் வேலூருக்கும் தரப்பட்ட புதிய எழுத்துக்கூட்டல் பலத்த விமர்சனத்துக்கு உள்ளானது. சில நாட்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது.

நோக்கத்தில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மேற்குச் சென்னையில் குடியிருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகவே தெரியும். மக்கள் வாயில் பூந்தமல்லி, பதிவேட்டில் பூவிருந்தவல்லி, ஆங்கிலத்தில் இரண்டோடும் ஒட்டாத மூன்றாவது ஓர் ஒலிப்பு. கடிதம் என்றால் தபால்காரர் எப்படியாவது புரிந்துகொண்டு கொண்டுவந்து சேர்த்துவிடுவார். இணைய முகவரியில் ஓர் எழுத்து பிசகினால் பக்கம் திறக்காது.

அந்த விவாதத்தில் எழுந்திருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஊர்ப்பெயரைத் தமிழ் எழுத்திலேயே இணைய முகவரியில் எழுதுவதற்கான விதிகள் 2020க்கு நெடுநாள் முன்பே வந்துவிட்டன. பிறகு ஏன் நம் முகவரிகள் ஆங்கிலத்திலேயே நிற்கின்றன? சென்ற பகுதியில் எழுத்துருக்கள் ஒன்றோடொன்று மோதிய காலத்தைப் பார்த்தோம். அந்த மோதலின் தொடர்ச்சிதான் முகவரியின் கதையும்.

இணையத்தில் கணினிகளுக்குப் பெயர் சூட்டும் முறையை 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்தார். 1987இல் அது திருத்தமான வடிவம் பெற்றபோது, பெயரில் ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு ஆகியவை மட்டுமே வரலாம் என்ற வழக்கமும், புள்ளிக்குப் புள்ளி 63 பைட்டுக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பும் நிலைத்துவிட்டன. வலைத்தளங்கள் தோன்றிய பிறகு, 1994 டிசம்பரில், டிம் பெர்னர்ஸ்-லீ, லாரி மசின்டர், மார்க் மெக்காஹில் மூவரும் வலை முகவரிக்கான இலக்கணத்தை எழுதினார்கள். ஆங்கில எழுத்தல்லாத எதையும் முகவரியில் நேராகப் போடக் கூடாது; பைட் பைட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சதவீதக் குறி போட்டு, இரண்டு இலக்கத்தில் எழுத வேண்டும் என்றது அந்த இலக்கணம்.

அந்த பைட் எந்தக் குறியாக்கத்தைச் சேர்ந்தது என்று மட்டும் அது சொல்லவில்லை. ஐரோப்பிய மொழிகளுக்கு இந்த மௌனத்தால் வந்த தொல்லை கொஞ்சம்தான். தமிழுக்கு அது பேரிடி. 1990களில் நம்மிடம் ஒரு குறியாக்கமா இருந்தது? பத்திரிகைக்கு ஒன்று, மென்பொருளுக்கு ஒன்று. ‘ஆவடி’ என்ற ஒரே சொல் ஒவ்வோர் எழுத்துருவிலும் வெவ்வேறு பைட் வரிசை. சதவீதக் குறியோடு வந்து நிற்கும் எண்களைப் பார்த்து, இது எந்த எழுத்துருவில் எழுதிய தமிழ் என்று சர்வர் எப்படிக் கண்டுபிடிக்கும்?

1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான விஎஸ்என்எல் இந்தியப் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. அதே ஆண்டு சிங்கப்பூரில் வேறொரு முயற்சி நடந்துகொண்டிருந்தது. சிங்கப்பூர்க் கவிதைகளை அந்நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளிலும் இணையத்தில் ஏற்றும் திட்டம் அது. அக்டோபரில் அதிபர் ஓங் டெங் சியோங் அதைத் தொடங்கிவைத்தார். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ அதன் பின்னால் இருந்தார். தமிழ்ப் பகுதியைச் சாத்தியமாக்கியவர் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி. ‘கணியன்’ மென்பொருளைத் தந்தவரும் அவரே. 1997இல் சிங்கப்பூரில் நடந்த முதல் தமிழ் இணைய மாநாட்டிலும் இந்த இருவரின் உழைப்பு இருந்தது.

டான் டின் வீ தமிழர் அல்லர். ஆனாலும் பக்கம் தமிழில் இருக்கும்போது முகவரி மட்டும் ஏன் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்ற கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டவர்களில் அவர் முக்கியமானவர். 1996இல் மார்ட்டின் டூர்ஸ்ட் இதற்கு ஒரு வரைவு எழுதியிருந்தார். 1998இல் சிங்கப்பூரில் டான் டின் வீயின் குழு பன்மொழிப் பெயர்களுக்கான சோதனை அமைப்பை ஓட்டிக் காட்டியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழிணையம்99 மாநாடு கூடியது. தமிழ்99 விசைப்பலகை அங்கே பிறந்தது. அதே ஆண்டு மே மாதம் நா. கோவிந்தசாமி காலமானார். இணையத் தமிழின் வரலாற்றில் அவருக்குரிய இடத்தைத் தமிழ்நாடு இன்னும் முழுமையாகத் தரவில்லை என்பது என் உறுதியான கருத்து.

யூனிகோட் வந்து குறியாக்கச் சண்டையை ஓயவைத்த பிறகே முகவரிக்கு வழி பிறந்தது. 2003 மார்ச்சில் ஆடம் காஸ்டெல்லோ வகுத்த ‘ப்யூனிகோட்’ முறை தரநிலையானது. எந்த மொழிப் பெயரையும் ஆங்கில எழுத்தும் எண்ணும் கொண்ட சிறு சரமாகச் சுருக்கி, அதன் முன்னால் ‘எக்ஸ்’, ‘என்’ என்ற இரு எழுத்துகளையும் இரண்டு சிறுகோடுகளையும் சேர்க்கும் முறை அது. 1983இல் எழுந்த பெயர் அமைப்பில் ஒரு செங்கல்லைக்கூட மாற்ற வேண்டியதில்லை. 2005 ஜனவரியில் முகவரியின் இலக்கணம் புதுப்பிக்கப்பட்டது. உலக எழுத்துகளை முகவரியில் எழுதும்போது யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் பைட்டாக்கிச் சதவீதக் குறி இட வேண்டும் என்று கூடவே வந்த ஆவணம் சொன்னது. பத்தாண்டு மௌனம் அத்தோடு முடிந்தது.

2007 அக்டோபரில், முகவரியின் கடைசிப் புள்ளிக்குப் பின் வரும் பெயர்களை வைத்திருக்கும் இணையத்தின் வேர்ப் பட்டியலில் முதன்முதலாக ஒரு தமிழ்ச் சொல் ஏறியது. ‘பரிட்சை’ என்பது அந்தச் சொல். இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு பதினொரு சோதனைப் பெயர்களை வேரில் சேர்த்தது. இந்திய மொழிகளில் இந்திக்கும் தமிழுக்கும் அதில் இடம் கிடைத்தது. ‘உதாரணம்.பரிட்சை’ என்று தமிழில் தட்டினால் உண்மையாகவே ஒரு பக்கம் திறந்தது. சோதனை நல்லபடியாக முடிந்தது. 2010இல் ‘.இலங்கை’, 2011இல் ‘.இந்தியா’, ‘.சிங்கப்பூர்’ என மூன்று நாட்டுப் பெயர்கள் தமிழில் வேருக்குள் வந்தன. மூன்று நாடுகளின் பெயரில் இணைய வேரில் நிற்கும் எழுத்து நம்முடையது.

விதிகளின் வரலாறு இதோடு நின்றுவிடுகிறது. சர்வருக்குள் நடப்பதைப் பார்த்தால்தான் மீதி புரியும்.

1964இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை லேத் பட்டறைகளுக்கும் வாகன உதிரிபாகங்களுக்கும் பெயர்பெற்றது. இன்று அம்பத்தூரில் என்டிடி, எஸ்டிடி போன்ற நிறுவனங்களின் டேட்டா சென்டர்கள் இருக்கின்றன. அப்படி ஒரு கட்டடத்தில் இருக்கும் சர்வருக்கு ‘ஆவடி.இந்தியா/ஆவடி’ என்ற முகவரி கேட்டு ஒரு கோரிக்கை வருகிறது என்று எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொள்வோம். தட்டியவர் ஆவடி என்ற ஒரே சொல்லைத்தான் இரண்டு இடத்திலும் தட்டினார். சர்வருக்கு அது இரண்டு வேடத்தில் போய்ச் சேர்கிறது.

சாய்கோட்டுக்கு முன்னால் உள்ள ஆவடியை பிரவுசர் ப்யூனிகோடாக மாற்றிவிடும். ‘எக்ஸ்என்’ முன்னொட்டுக்குப் பின் டபிள்யூ, கே, சி, 4, சி, 5, சி, எக்ஸ், பி என்று ஒன்பதே குறிகள். சாய்கோட்டுக்குப் பின்னால் உள்ள ஆவடியோ யூடிஎஃப்-8 ஆகிறது. ஆ, வ, ட, இகரக் குறி என நான்கு குறியெண்கள் (ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் யூனிகோட் தரும் எண்). தமிழில் ஒரு குறியெண்ணுக்கு மூன்று பைட். ஒரு பைட்டை எழுதச் சதவீதக் குறியோடு மூன்று எழுத்து. ஆக மொத்தம் 36 எழுத்துகள். ஒரு சர்வரில் பல தளங்கள் இருக்கும்போது எந்தத் தளம் என்று சொல்லும் தலைப்பு வரி 1997 ஜனவரியில் வந்த எச்டிடிபி 1.1 தரநிலையிலிருந்து கட்டாயம். அந்த வரியில் முதல் வேடம் இருக்கும், கோரிக்கை வரியில் இரண்டாம் வேடம் இருக்கும்.

இந்த வேறுபாடு தெரியாமல் தடுமாறும் இடங்கள் பல. என்ஜின்எக்ஸ் சர்வரை அமைக்கும் கோப்பில் தளத்தின் பெயரை ப்யூனிகோடில்தான் எழுத வேண்டும். அதே கோப்பில் பாதையைத் தமிழ் எழுத்திலேயே எழுத வேண்டும். ஏனென்றால் என்ஜின்எக்ஸ் சதவீதக் குறிகளை அவிழ்த்த பிறகே பாதையை ஒப்பிட்டுப் பார்க்கிறது. பெயரைத் தமிழில் எழுதினாலும் பாதையைச் சதவீதக் குறியில் எழுதினாலும் பக்கம் கிடைக்காது. தமிழ் முகவரி வேலை செய்யாது என்று கைவிடுமுன் இந்த இரண்டு வரிகளையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

அவிழ்ப்பதில் ஒரு வரிசை உண்டு. முதலில் கேள்விக்குறியைப் பார்த்துப் பாதையையும் கேள்விப் பகுதியையும் பிரிக்க வேண்டும். பிறகு சாய்கோடுகளில் பாதையை வெட்ட வேண்டும். அதன் பின்பே ஒவ்வொரு துண்டிலும் சதவீதக் குறிகளை அவிழ்க்க வேண்டும், அதுவும் ஒரே ஒருமுறை. முதலில் அவிழ்த்துவிட்டுப் பிறகு வெட்டினால், சொல்லுக்குள் மறைத்து வைக்கப்பட்ட சாய்கோடு வெளியே வந்து பாதையை மாற்றிவிடும். அவிழ்ப்பதற்கு முன் பாதுகாப்புச் சோதனையை முடித்துவிட்டாலும் ஆபத்துதான்.

ஆபத்து என்று சும்மா சொல்லவில்லை. 2000 அக்டோபரில் மைக்ரோசாஃப்டின் ஐஐஎஸ் சர்வரில் ஒரு பெரிய ஓட்டை வெளியே வந்தது. இரண்டு புள்ளியும் சாய்கோடும் சேர்ந்து வந்தால், தளத்தின் கோப்புறையை விட்டு மேலே ஏறி வெளியே போகிறார்கள் என்று அர்த்தம். ஐஐஎஸ் அதைத் தடுத்தது. ஆனால் ஒரு பைட்டில் எழுத வேண்டிய சாய்கோட்டை யூடிஎஃப்-8 முறையில் இரண்டு பைட்டாக நீட்டி எழுதியபோது, சோதனை அதைச் சாய்கோடு என்று அடையாளம் காணவில்லை. சோதனையைத் தாண்டிய பிறகு அவிழ்த்தார்கள். சாய்கோடு வந்து நின்றது. 2001 செப்டம்பரில் உலகத்தைக் கலக்கிய நிம்டா புழு நுழைந்த வழிகளில் இதுவும் ஒன்று. யூடிஎஃப்-8 எழுத்தை இப்படி நீட்டி எழுதுவதை ஏற்கவே கூடாது என்று 2003 நவம்பரில் வந்த தரநிலை அழுத்தமாகச் சொன்னது.

இருபது ஆண்டு கழித்தும் பாடம் முழுதாகப் படிந்துவிடவில்லை. 2021இல் வெளியான அப்பாச்சி 2.4.49 பதிப்பில் பாதையைச் சீராக்கும் பகுதியை மாற்றி எழுதினார்கள். இரண்டாவது புள்ளியைச் சதவீதக் குறியில் எழுதினால் சோதனைக்குச் சிக்கவில்லை. அக்டோபர் தொடக்கத்தில் 2.4.50 வந்தது. சதவீதக் குறியில் எழுதியதையே மறுபடி ஒருமுறை சதவீதக் குறியில் எழுதி அதையும் தாண்டினார்கள். சில நாட்களில் 2.4.51 வந்த பிறகே ஓட்டை அடைபட்டது. உலகத்தில் மிக அதிகமாகப் புழங்கும் சர்வர்களில் ஒன்று, அனுபவம் மிக்க கைகள் எழுதியது, முகவரியைப் படிப்பதில்தான் இடறியது.

இப்படிப்பட்ட செய்திகளைப் படித்த பொறியாளர் அஞ்சுவது இயல்பு. அந்த அச்சத்தில் சிலர் குறுக்குவழிக்குப் போகிறார்கள். ஆங்கிலத்தின் 26 எழுத்து, பத்து எண், சிறுகோடு தவிர வேறு எது வந்தாலும் விரட்டு என்று ஒரே வரியில் விதி எழுதிவிடுகிறார்கள். தாக்குதலோடு சேர்ந்து தமிழும் வாசலில் நின்றுவிடுகிறது. இதை நான் பாதுகாப்பு என்று ஏற்க மாட்டேன். 2000த்தின் ஓட்டைக்கும் 2021இன் ஓட்டைக்கும் காரணம் அந்நிய எழுத்து அல்ல, அவிழ்ப்பதிலும் சரிபார்ப்பதிலும் நேர்ந்த வரிசைக் குழப்பம்.

எல்லாவற்றையும் சரியாகச் செய்த சர்வருக்கும் தமிழ் இன்னொரு தேர்வு வைக்கிறது. அதற்கு அம்பத்தூரை அடுத்த கொரட்டூரே போதும். ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு வழியில் எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறியைச் சேர்ப்பது ஒரு வழி. ககரத்தோடு ஒற்றைக் கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியே சேர்ப்பது இன்னொரு வழி. திரையில் இரண்டும் ஒன்றே. கண்ணால் வேறுபாடு காணவே முடியாது. முதல் வழியில் கொரட்டூர் 9 குறியெண், 27 பைட். இரண்டாம் வழியில் 10 குறியெண், 30 பைட்.

இரண்டும் சமம் என்று யூனிகோடே சொல்கிறது. இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் ‘என்எஃப்சி’ முறையையும் தருகிறது. சாய்கோட்டுக்கு முன்னால் வரும் தளப் பெயரில் பிரவுசரே இதைச் செய்துவிடுகிறது. சாய்கோட்டுக்குப் பின்னால் அது கை வைப்பதில்லை. வந்த பைட்டை வந்தபடியே அனுப்பும். அதைச் சீராக்கும் பொறுப்பு சர்வரில் ஓடும் மென்பொருளுக்கு. தமிழ் விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி இதைச் செய்கிறது. எந்த வழியில் தட்டினாலும் ஒரே கட்டுரைக்குத்தான் போவீர்கள். சொந்தமாக எழுதிய மென்பொருளில் பெரும்பாலும் இது விடுபட்டுப் போகிறது; ஒருவர் விசைப்பலகையில் திறக்கும் பக்கம் இன்னொருவருக்குத் திறக்காது. காரணம் புரியாமல் இருவரும் ஒருவரையொருவர் சந்தேகப்படுவார்கள்.

என்எஃப்சியாலும் தீராத ஒன்று நம் பக்கமே இருக்கிறது. ‘ர்’ எழுத வேண்டிய இடத்தில் துணைக்காலின் மேல் புள்ளி வைத்து எழுதும் பழக்கம். பழைய எழுத்துருவில் இருந்து யூனிகோடுக்கு மாற்றிய பக்கங்களில் இது ஏராளம். அப்படி எழுதிய அம்பத்தூரைத் தேடினால் கிடைக்காது, முகவரியில் போட்டால் வேறு ஊர். சர்வர் இதைத் திருத்திக்கொடுத்தால் நல்லது. தட்டும்போதே நாம் சரியாகத் தட்டினால் இன்னும் நல்லது.

நீளமும் ஒரு சிக்கல். தமிழ் வலைப்பதிவர்கள் பலர் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ், கட்டுரைத் தலைப்பிலிருந்து முகவரியை உருவாக்கும்போது தமிழைச் சதவீதக் குறியாக மாற்றி, 200 எழுத்தோடு வெட்டிவிடும். ஆங்கிலத் தலைப்புக்கு 200 தாராளம். தமிழில் ஒரு குறியெண்ணுக்கு ஒன்பது என்பதால் 22 குறியெண்ணில் இடம் தீர்ந்துவிடுகிறது. ‘அம்பத்தூர் தொழிற்பேட்டை வரலாறு’ என்று தலைப்பு வைத்துப் பாருங்கள். அம்பத்தூருக்கு 90, இடையில் சிறுகோட்டுக்கு 1, தொழிற்பேட்டைக்கு 108, ஆக 199. வரலாறு முழுவதும் வெட்டுப்பட்டுப் போகும். அதே வார்த்தைகளில் தொடங்கும் அடுத்த கட்டுரைக்கும் அதே முகவரி வரும் என்பதால், பின்னால் 2 என்று ஓர் எண்ணை ஒட்டிக்கொள்ளும். தரவுத்தளத்தில் பைட்டாகவே சேமித்துக்கொண்டு, வெளியே அனுப்பும்போது மட்டும் சதவீதக் குறி இட்டிருந்தால் மூன்று மடங்கு இடம் கிடைத்திருக்கும். ஆங்கிலத்தை மனத்தில் வைத்து வகுத்த அளவு அது. மாற்ற முடியாதது அல்ல.

பக்கத்தை நண்பருக்கு அனுப்ப முகவரியை நகலெடுத்து ஒட்டினால், மூன்று வரி நீளத்துக்குச் சதவீதக் குறிகள் வந்து விழுவதைப் பார்த்திருப்பீர்கள். ஏதோ வைரஸ் என்று பயந்து திறக்காமல் விட்டவர்கள் உண்டு. தமிழ் விக்கிப்பீடியா இதற்காகவே ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு குறுந்தொடுப்பு தருகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தக் குறுந்தொடுப்பில் தமிழ் இல்லை.

விதிகள் நம் பக்கம் இருக்கின்றன. வேரில் மூன்று தமிழ்ப் பெயர்கள் இருக்கின்றன. மீதி வேலை அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லி நெடுஞ்சாலை அலுவலகங்களிலும் உட்கார்ந்து சர்வர் மென்பொருள் எழுதும் நம் பிள்ளைகளின் கையில். நீங்கள் எழுதும் நிரலுக்குச் சோதனை வைக்கும்போது ‘கொரட்டூர்’ என்ற சொல்லை இரண்டு வழியிலும் எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் ஒரே பக்கம் திறக்க வேண்டும். 2019இல் மாநகராட்சியான ஆவடி, தன் தளத்தின் பாதைகளைத் தமிழிலும் தர வேண்டும். ஆங்கில எழுத்துக்கூட்டலை யார் முடிவு செய்வது என்று காத்திருக்க வேண்டியதில்லை. வாசகர்கள் தாங்கள் புழங்கும் தமிழ்த் தளத்தில் தமிழ் முகவரி திறக்காவிட்டால், அந்தத் தளத்தின் நிர்வாகிக்கு அந்த முகவரியோடு ஒரு வரி எழுதுங்கள்.

அடுத்த பகுதியில் மின்னஞ்சல் முகவரியில் தமிழ் நுழைந்த கதை.

(தொடரும்)